கிழிக்காமல் பிரித்தவள்

நீங்கள் எழுதக் கொடுத்திருக்கும் தாள் மடிப்பதற்கு லாயக்கில்லாதது. வழவழப்பு அதிகம், நகத்தை வைத்து அழுத்தினால் மடிப்போரம் வெளுத்து உடைந்துவிடும். எழுதுவதற்குத் தாராளமாகப் போதும். "உங்க கைப்படவே எழுதிக் குடுங்கம்மா, நிதானமா எழுதுங்க" என்று சொன்னீர்கள், மேடம். நான் எதையும் நிதானமாகச் செய்கிறவள்தான். ஒரே ஒரு தடவைதான் அவசரப்பட்டேன். அதையும் எழுதத்தான் போகிறேன்.

பத்தொன்பது வருடமாக ஓர் எழுதுபொருள் கடையின் பின்பக்க மேஜையில் உட்கார்ந்து, பரிசுப் பொருள்களுக்குத் தாள் சுற்றிக் கொடுப்பது என் வேலை. பூங்கொத்தும் கட்டுவேன், க்ரேப் பேப்பரில் பூவும் செய்வேன். தலைக்கு மேலே மின்விசிறி இருக்கிறது. போட்டால் டிஷ்யூ பேப்பர் பறக்கும் என்பதால் எந்த வெயிலிலும் போடுவதில்லை. வியர்வை தாளில் சொட்டிவிடக் கூடாதே என்று நெற்றியில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொள்வேன். அதைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வரும் பிள்ளைகள் எனக்குக் 'கொள்ளைக்காரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு நான் பேப்பர்க்கா.

செலோ டேப்பை நான் தொடுவதே இல்லை. மடிக்கத் தெரியாதவர்கள் ஒட்டுகிற பிளாஸ்திரி அது. என் பொட்டலத்தில் மடிப்பை மடிப்பேதான் பிடித்துக்கொண்டு நிற்கும். கடைசி முனை ஏதோ ஒரு மடிப்புக்குள் செருகியிருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து மெல்ல இழுத்தால் தாள் முழுவதும் தானாக விரிந்துகொடுக்கும், ஓரிடத்திலும் கிழியாமல். அதற்கு இரண்டு நிமிடப் பொறுமை வேண்டும். அந்த இரண்டு நிமிடம் யாரிடமும் இருப்பதில்லை. முதலாளியம்மாவின் பேரன் பிறந்தநாளுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் சுற்றிக் கொடுத்த முப்பது பொட்டலத்தையும் பத்தே நிமிடத்தில் பிய்த்துப் போட்டுவிட்டு, துடைப்பத்தால் கூட்டி மூட்டையாகக் கட்டினார்கள். என் அண்ணி எதையும் பல்லால்தான் பிரிப்பார். எனக்குக் கோபமெல்லாம் வராது, மேடம். அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அப்புறம் அவள் வந்தாள். அவள் பெயர் உங்களுக்குத் தெரியும்; இதில் எழுத எனக்கு விருப்பமில்லை. எங்கள் கடைக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அரிசி அளவு திருகாணிகளை முடுக்கிப் பழகிய விரல்கள். அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். கல்யாண நாளுக்கு அவளுக்கொரு கைக்கடிகாரம் வாங்கி, என்னிடம் சுற்றுவதற்குக் கொண்டுவந்தார். வாயைத் திறந்தால் கிண்டல்தான் அவருக்கு. "அக்கா, உள்ள இருக்கிறதவிட வெளியில இருக்கிறது அழகாப் போயிடக் கூடாது. என் மானம் கப்பலேறிடும்" என்றார். நானும் சிரித்தேன்.

மறுநாள் மதியம் அவள் வந்து என் மேஜைமேல் ஒரு தாளை வைத்தாள். நான் சுற்றிய அதே தாள். நான்காக மடித்து, ஒரு கீறல்கூட இல்லாமல்.

"எங்க தொறக்கிறதுன்னு அரை மணி நேரம் தேடினேன்க்கா. அவரு பக்கத்துலயே நின்னு 'கத்திய எடு, கத்திய எடு'ன்னு உயிர வாங்கிட்டாரு. எனக்குக் கிழிக்க மனசே வரல. யாரோ உக்காந்து இவ்ளோ பொறுமையா மடிச்சிருக்காங்களேன்னு இருந்துச்சு."

பத்தொன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் பொட்டலம் சுற்றியிருப்பேன். ஒருவர்கூட அப்படி வந்து நின்றதில்லை. நெற்றியிலிருந்த கைக்குட்டையைக் கண்வரைக்கும் இறக்கிவிட்டுக்கொண்டு, வியர்வை என்று சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பரிசு கொடுக்க ஆரம்பித்தேன். நேற்று அதைப் பெரிய சதி மாதிரி துருவித் துருவிக் கேட்டீர்கள். பெயர் போடவில்லை, அவ்வளவுதான் விஷயம். பெயர் போட்டிருந்தால் "எதுக்குக்கா இதெல்லாம்" என்று சொல்லி, பதிலுக்கு ஒரு டப்பா பிஸ்கட் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பாள். அத்தோடு முடிந்திருக்கும்.

முதலாவது, க்ரேப் பேப்பர் ரோஜா. இதழின் ஓரத்தை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல இழுத்துவிட்டால் உண்மைப் பூ மாதிரியே சுருண்டு நிற்கும். அவள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன நேரத்தில் அவளுடைய கண்ணாடி மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். இரண்டாவது, பழைய காலண்டர் தாளில் செய்த குட்டிப் பெட்டி. அவள் பிறந்தநாள் இருக்கும் தேதி சரியாக மூடியில் வரும்படி மடித்தது. அதை அவள் வீட்டு வாசலில் வைத்தேன். கடையில் எல்லோருக்கும் போடும் மடிப்பை அவளுக்குப் போடவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு புது மடிப்பு. என் அறையில் உட்கார்ந்து வாரக்கணக்கில் செய்தித்தாளில் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தவை. பிரிக்கும் வழி தெரியாமல் அவள் விரல் அங்குமிங்கும் தடவித் தேடுமே, அந்த நேரத்தை நினைத்துக்கொண்டேதான் படுப்பேன்.

ரோஜாவைக் கண்டபோது அவளுக்கு வாயெல்லாம் பல். கணவர்தான் ரகசியமாக வைத்தார் என்று நினைத்து, அவரிடம் ஓடினாள். அவர் 'நானில்லை' என்றதும் கிண்டல் செய்கிறார் என்று எண்ணிக்கொண்டாள். பெட்டி வந்தபோது அவர் சிரிக்காமலே 'நானில்லை' என்றார். என்னிடம் அவள் வரவே இல்லை. கடைக்கு முன்னால் போகும்போது கையை ஆட்டுவாள். அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் என் வேலையிலேயே சிறந்தது. அவள் வீட்டுத் தெரு எனக்குச் சுற்றுவழி. ஆனாலும் காலையில் அப்படித்தான் கடைக்குப் போவேன். அவர்களுடையது மாடி வீடு. குளித்துவிட்டு ஜன்னலோரம் நின்று தலை துவட்டுவாள். அதைக் கறுப்புத் தாளில் வெட்டினேன். ஒரே தாள், ஒட்டு கிடையாது. ஜன்னல் கம்பி, துண்டு, சாய்ந்த கழுத்து, நூல் நூலாகத் தொங்கும் ஈரத் தலைமுடி. ஒன்பது நாள் பிடித்தது. பத்தாம் நாள் காலை அதை மடித்துச் சுற்றி அவள் வாசலில் வைத்தேன்.

அன்று மதியமே அவள் அதை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். பாராட்டத்தான் வருகிறாள் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். முகத்தில் ரத்தமே இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முதுகுக்குப் பின்னால் யாரும் வர முடியாதபடி சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.

"யாரோ என்னப் பாத்துக்கிட்டே இருக்காங்கக்கா. பயமா இருக்கு. காலையிலேருந்து ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டேன். இது உங்க கடையில சுத்தினதான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"இந்த மடிப்பு எங்க கடையில கிடையாதும்மா" என்றேன். அதில் பொய் இல்லை.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரலெல்லாம் ஜில்லென்று இருந்தது. முதலாளியம்மா இரண்டு தடவை என்னைக் கூப்பிட்ட பிறகும் விடவில்லை. அன்றைக்கு எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. சந்தோஷம் வந்தால் அவள் கணவரிடம் போகிறாள். பயம் வந்தால் என்னிடம் வருகிறாள். இப்படித்தான் அமைந்தது, மேடம். நான் அமைக்கவில்லை.

அவள் ஜன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் பிரவுன் ஷீட் ஒட்டிக் கொடுத்தது நான்தான். ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டினேன். வீடு பகலிலேயே மங்கிப்போயிற்று. ஒட்டும்போது அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்ததற்கு அவள் உடம்பு தூக்கிப்போட்டது ஸ்டூல் வழியாக என் காலுக்குத் தெரிந்தது. கணவர் போலீசுக்குப் போகலாம் என்றார். அவர் வெளியே போன பிறகு, "வெளி ஆளுக்கு எப்படிம்மா தெரியும், நீ எந்த ஜன்னல்ல நின்னு தல துவட்டுறேன்னு" என்று மட்டும் கேட்டேன். கேள்விதான் கேட்டேன், பதில் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "அவரு உங்க கடையில தாள் ஏதாவது வாங்குவாராக்கா" என்று கேட்டாள். ஒரு தடவை வாங்கினார் என்றேன். கல்யாண நாளுக்கு வாங்கினார்தானே.

போலீசுக்குப் போகும் பேச்சு அதோடு நின்றது. வாசல் பூட்டை மாற்றினாள். புதுப் பூட்டுக்கு மூன்று சாவி. ஒன்று அவளிடம், ஒன்று கணவரிடம். மூன்றாவதை ஒரு தாளில் மடித்து என்னிடம் கொடுத்தாள். "ஆபத்து அவசரம்னா ஓடி வர்றதுக்கு எனக்கு யாருக்கா இருக்காங்க, உங்கள விட்டா" என்றாள். அன்றிரவு அந்தச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். குழந்தைபோலத் தூங்கினேன்.

நான்காவது பரிசு உண்மைப் பூக்கள். ஆறு வெள்ளை ரோஜா. தண்டின் அடியில் ஈரப்பஞ்சைச் சுற்றி, பஞ்சுக்கு மேல் பாலித்தீன் உறை போட்டு, அதற்கு மேலே தாளைக் கூம்பாகச் சுற்றவேண்டும்; பஞ்சின் ஈரம் தாளில் ஏறக் கூடாது. மதிய இடைவேளையில் அவள் வீட்டுக்குள் போனேன். சாப்பாட்டு மேஜையில் அன்றைய செய்தித்தாள் கிடந்தது. குறுக்கெழுத்துப் போட்டியைப் பாதி போட்டு வைத்திருந்தார் அவள் கணவர். அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி சுற்றி, மேஜை நடுவில் வைத்துவிட்டு வந்தேன். அந்த வீட்டுத் தாளிலேயே சுற்றினால் அந்த வீட்டோடு ஒட்டிப் பொருத்தமாக இருக்கும் என்று தோன்றியது. வேறொன்றும் நினைக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சரி, கொஞ்சம் நினைத்தேன்.

சாயங்காலம் கதவைத் திறந்து அதைப் பார்த்தவள் உள்ளே போகவே இல்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்புகூட இல்லாமல் என் கடைக்கு ஓடி வந்தாள். தண்ணீர் கொடுத்தேன், டம்ளர் பல்லில் அடித்தது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள்தான் முதலில் வேலைக்குப் போனவள். குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தது அவர். புதுப் பூட்டு உடையவில்லை. சாவி இருப்பது இரண்டே பேரிடம்.

இரண்டே பேரிடம் என்றாள், மேடம். மூன்றாவது சாவி என் பைக்குள் கிடந்தது. அவளே மடித்துக் கொடுத்தது. அவள் எண்ணும்போது என்னைச் சேர்க்கவே இல்லை. அது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அன்றைக்கே அவரை வீட்டைவிட்டுப் போகச் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார், பிறகு கத்தினார், கடைசியில் படியில் உட்கார்ந்து அழுதார். "என்னப் பாத்தா உனக்குப் பயமா இருக்கா? என்னயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் என் பின்னால் நின்றுகொண்டு என் தோளைப் பிடித்திருந்தாள். அவர் துணிமணியோடு அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போனார். சாவியை வாங்கிக்கொள்ள அவளுக்கு அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரமும் நான் தினம் சாயங்காலம் கடை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். முதலில் இரண்டு பேருமாகக் கட்டிலுக்கு அடியில் பார்ப்போம், அலமாரிக்குள் பார்ப்போம், குளியலறைக் கதவுக்குப் பின்னால் பார்ப்போம். நான் முன்னால் போவேன், அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவாள். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு மேஜையில் உட்கார்ந்து பூ செய்வோம். பயத்துக்குக் கைவேலை நல்லது என்று நான்தான் சொன்னேன். டிஷ்யூ தாளை விசிறி மாதிரி மடித்து, நடுவில் நூலால் கட்டி, அடுக்கடுக்காக மேலே பிரித்துவிட்டால் சாமந்தி. நீள் துண்டை ஓரம் நறுக்கிக் குச்சியில் சுற்றினால் வேறொரு பூ. அவள் ஒரு தாளைக்கூடக் கிழித்ததில்லை. கதவு கிரீச்சிட்டால் என் கையைப் பிடிப்பாள். அந்த வீட்டுக் கதவு நன்றாகவே கிரீச்சிடும். எண்ணெய் போட வேண்டாம், யாராவது திறந்தால் சத்தம் கேட்கட்டும் என்று நான் சொல்லியிருந்தேன்.

பிறகு பயம் குறைய ஆரம்பித்தது. மூன்று வாரமாக ஒன்றும் வரவில்லை அல்லவா. ஒருநாள் நான் போனபோது தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, அடக்க முடியாமல் சிரித்தாள். ஒரு ஜன்னலில் நான் ஒட்டிய பிரவுன் ஷீட்டை எடுத்திருந்தாள். எடுத்திருந்தாள் என்றா சொன்னேன். பிய்த்திருந்தாள். ஓரத்தில் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அவரத் திரும்ப வரச் சொல்லலாம்னு இருக்கேன்க்கா. அவரா இருக்காதுன்னு தோணுது. நீங்களும் பாவம், எனக்காக தினம் தினம் அலையுறீங்க. இனிமே உங்கள சிரமப்படுத்த மாட்டேன்."

அன்றைக்கு எனக்கு வந்ததுதான் பயம். வீட்டுக்கு வந்து விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். திரும்பவும் அவள் தெருவில் கை மட்டும் ஆட்டிவிட்டுப் போவாள். ஐந்தாவது பரிசை அதனால்தான் செய்தேன். ஒரு வாரம் பிடித்தது. அதற்குப் போட்ட மடிப்பு இதுவரை நான் கண்டுபிடித்ததிலேயே கடினமானது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும்.

புதன்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு அவள் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனேன். பொட்டலத்தை மேஜையில் வைக்கக் குனிந்தபோது அடுக்களைப் பக்கத்துக் கதவு திறந்தது. அவர் நின்றுகொண்டிருந்தார். 

"அக்கா, நீங்களா? நல்லவேள வந்தீங்க" என்றார். "அவன் வந்துட்டுப் போயிட்டானா? ரெண்டு நாளா வேலைக்குப் போகாம, அவ போனதும் பின்பக்கம் வந்து ஒளிஞ்சுக்கறேன். இன்னைக்கிப் பாத்து ஒரு நிமிஷம் கண்ணசந்துட்டேன்க்கா."

நான் வீட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்த இடத்தில் பொட்டலத்தைக் கண்டெடுத்திருக்கிறேன் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். என்னிடம் சாவி இருப்பது அவருக்குத் தெரியும். அவரும் என்னை எண்ணவில்லை. ஆமாம் தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நான் கடைக்குத் திரும்பியிருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. எனக்கு அவரால் அந்த நேரத்தில் ஓர் ஆபத்தும் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் இதைக் கோடிட்டுக்கொள்ளலாம்.

அவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்காகப் பின்பக்கம் போனார். அடுக்களையின் பின்கதவுக்கு வெளியே ஒரு சின்ன மேடை, அங்கிருந்து முற்றத்துக்கு இரும்புப் படி. மேடையின் ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி துருப்பிடித்து விழுந்து வெகுநாளாயிற்று. நானும் பின்னால் போனேன். அவர் பொட்டலத்தை இப்படியும் அப்படியும் புரட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார்.

"குடுங்க தம்பி, நான் பிரிக்கிறேன்" என்றேன்.

"விடுங்கக்கா. எவனோ ஒரு பைத்தியக்காரன் மடிச்சதுக்கு மரியாத வேற" என்று சொல்லித் திருப்புளியின் முனையைத் தாளுக்கு அடியில் கொடுத்தார். சர்ரென்று ஒரு சத்தம். அரை விரல்கடை அளவுக்குத்தான்.

இடது கையால் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். வலது கையால் தள்ளினேன்.

முற்றம் சிமெண்ட் தரை. அவர் உடனே சாகவில்லை. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்துத்தான் இருந்தது. 'அக்கா' என்பதுபோல வாய் அசைந்தது. உதவி கேட்டாரா, புரிந்துகொண்டாரா என்று என்னால் சொல்ல முடியாது. பக்கத்து வீடுகளில் பகலில் யாரும் இருக்கமாட்டார்கள். என் இடைவேளை முடிய இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்து, கிழிந்த ஓரம் உள்பக்கம் போகும்படி மடிப்பை ஒரு விரல் தள்ளிப் போட்டேன். ஒரு கரண்டியை எடுத்து அதன் காம்பால் அழுத்திவிட்டு, கழுவி இருந்த இடத்திலேயே வைத்தேன். மேஜை நடுவில் பொட்டலத்தை வைத்தேன். பின்கதவைத் திறந்தபடியே விட்டேன். போகும்முன் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். வாய் அசைவது நின்றிருந்தது. அன்று பிற்பகல் பதினொரு பரிசுகளுக்குத் தாள் சுற்றினேன். ஒன்றுகூடக் கோணவில்லை.

மீதி உங்கள் போலீஸ் ஸ்டேஷனிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பரிசு வைக்க வந்தவர், யாரோ வரும் சத்தம் கேட்டுப் பின்பக்கமாக ஓடி, கால் தவறி விழுந்தார் என்று. அவளும் அப்படித்தான் நம்பினாள். "அவரேவாக்கா? கூடவே படுத்துத் தூங்கினவரா?" என்று என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேட்டாள். "இனிமே நீ பயப்பட வேண்டாம்மா" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். அவர் சட்டைகளையெல்லாம் மூட்டை கட்டி அண்ணன் வீட்டுக்கு அனுப்பினாள். அவருடைய அண்ணன் வாசலில் நின்று, "எந்தம்பி அப்படிப்பட்டவன் இல்லம்மா, அவன் பேர இப்படி நாறடிச்சிட்டியே" என்று கும்பிட்டு அழுதார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் உள்ளேதான் இருந்தேன். ஆறு வாரம், அந்த வீட்டிலேயே, அவளோடு.

உங்கள் ஆட்கள் விபத்து என்று முடித்து அப்படியே விட்டுப்போன ஐந்தாவது பொட்டலத்தை அவளும் பிரிக்கவில்லை. தொடவே பயந்து அலமாரிக்குள் வைத்திருந்தாள். போன சனிக்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"என்ன இருந்தாலும் அவரு கடைசியா எனக்காக மடிச்சது இதுதானேக்கா. திட்டிக்கிட்டாவது ஒரு தடவ பாத்துடறேன். நீங்களே பிரிங்க. என் கை நடுங்குது."

நான் பிரித்தேன். அடிப்பக்கம், இடது மூலை, மூன்றாவது மடிப்புக்குக் கீழே. இழுத்ததும் தாள் விரிந்துகொடுத்தது. உள்ளே கறுப்புத் தாளில் வெட்டிய படம்: ஒரு மேஜை, இரண்டு பெண்கள், தலையோடு தலை முட்டுகிற மாதிரி குனிந்து பூ செய்கிறார்கள். அவள் படத்தைப் பார்க்கவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க தேடவே இல்லையேக்கா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

வேறு யாராக இருந்தாலும் பொட்டலத்தைத் தெரியாததுபோல நான்கு தடவை புரட்டியிருப்பார்கள். கையில் கிடைத்ததும் கிழித்தாவது இருப்பார்கள். எனக்கு அந்த இரண்டும் வரவில்லை. "பத்தொம்பது வருஷமா இதே வேலதானேம்மா" என்றேன்.

"ஆமா" என்றாள். சிரிக்கவும் சிரித்தாள். பிறகு, "பால் தீந்துபோச்சு, வாங்கிட்டு வந்துடறேன். டீ போட்டுக் குடிக்கலாம்" என்று எழுந்தாள். அடுக்களையில் பால் இருந்தது. காலையில் நானே வாங்கி வைத்தது. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அவள் வெளியே போனாள். வெளித்தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பின்கதவை அவர் விழுந்த வாரமே பூட்டி, சாவியை அவள் தன்னிடமே வைத்திருந்தாள்.

அவர் பெயரில் இருக்கும் பழியைத் துடைக்க வேண்டும் என்று அவள் உங்கள் முன்னால் விழுந்து அழுததாகச் சொன்னீர்கள். துடைத்துக்கொள்ளலாம். என் கையெழுத்தோடு எழுதித் தருகிறேன். அந்த ஐந்தும் நான் செய்தவை. ஐந்தையும் கொண்டுபோய் வைத்ததும் நான். அவர் அதில் ஒரு தாளைக்கூட மடிக்கவில்லை, மடிக்கத் தெரியாதவர். அவர் தானாக விழவில்லை. நான் தள்ளினேன். தள்ளிய பிறகு அவர் சாகும்வரை அதே வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

ஜன்னலைத் திறந்து கத்தியிருக்கலாமே, ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டீர்கள். அதற்கு மட்டும் அப்போது நான் பதில் சொல்லவில்லை. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அவள் போய்விடவில்லை, மேடம். கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் மனசு கேட்காமல், கதவில் முதுகை அழுத்திக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் உள்பக்கம் அதே இடத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன். நீங்கள் வந்து சேரும்வரை அந்த நாற்பது நிமிடமும் கதவுப் பலகை விடாமல் நடுங்கிக்கொண்டே இருந்தது. நான் போய்விடக் கூடாது என்று என் வாழ்க்கையில் யாரும் இவ்வளவு பாடுபட்டதில்லை.